கோட்டாறிலிருந்து காத்தாடிமலைக்கு

போன வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நானும் மதினியும் கோட்டாறு சவேரியார் கோயிலில் புனித தேவசகாயத்தின் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அவர் உயிர்விட்ட காத்தாடிமலைக்கு நடக்க ஆரம்பித்தோம். சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் எனக்கு இது நேர்ச்சை நடை. மகனுக்கு வேலை போய் நாலு மாதம், வீட்டுக் கடன் தவணை நிற்கிறது. இதைத் தவிர வேறு எதுவும் என் தலைக்குள் இல்லாமல் போய்விட்டது. பூசையில் நின்றாலும் ஃபாதர் வாசித்த நற்செய்தி எதுவென்று வெளியே வந்தபின் சொல்லத் தெரியாது.

ஒழுகினசேரிப் பாலம் தாண்டி செபமாலையைத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை, துயர மறையுண்மைகள், அதாவது இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்லும் ஐந்து பகுதிகள். இரண்டாவது மறையுண்மை, இயேசு கற்றூணில் கட்டப்பட்டு அடிபட்டது. அது பாதி ஆகும்போதுதான் கவனித்தேன், வாய் அருள் நிறைந்த மரியே சொல்கிறது, மனம் தவணைக் கணக்குப் போடுகிறது. அழுகை வந்துவிட்டது. மதினியிடம் சொன்னேன். "ஓடினா ஓடட்டு பிள்ளே, போய்த் திரும்பக் கூட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான், அடுத்த மணியை உருட்டினார்.

தோவாளையில் பிச்சிப்பூ வாங்கினோம். அப்புறம் வழியெல்லாம் தேவசகாயத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் துறவி இல்லை, குருவானவரும் இல்லை. மனைவி உண்டு, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை உண்டு. குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். நஷ்டம் வந்த வீடு என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த இடம் இவ்வளவு தைக்கிறது. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, நீலகண்டன் என்றிருந்தவர் தேவசகாயம் ஆனார். நாலு வருஷத்தில் கைது. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப்போய், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்து, ஏறக்குறைய மூன்று வருஷம். அத்தனை வேதனையிலும் அவர் செபத்தை விடவில்லை என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வேதனைக்கு நடுவே எப்படி செபித்திருப்பார் என்று இந்த நடையில்தான் யோசித்தேன். வலியை மறந்துவிட்டா செபித்திருப்பார்? மறக்க முடியுமா? வலியோடேயே ஆண்டவரைக் கூப்பிட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆரல்வாய்மொழி வந்ததும் காற்று ஆளைத் தள்ளியது. சுற்றிலும் காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக்கொன்ற மலை இது. சாகுமுன் முழந்தாளிட்டுச் செபித்த தடம் என்று பாறையில் ஒரு இடத்தைக் காட்டுகிறார்கள். பூவை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். 2022 மே 15 அன்று ரோமையில் புனிதர் பட்டம் கொடுத்ததை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அன்று மகன் பக்கத்தில் இருந்தான், சிரித்துக்கொண்டு இருந்தான்.

மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினேன். வெண்கல மணி மாதிரியே சத்தம், காற்றையும் மீறிக் கேட்டது. அந்த நேரத்திலும் மனதில் மகன்தான் வந்தான். இதுவரை செபத்தில் அவன் நினைப்பு வந்தால் குற்றம் செய்தது போலத் துரத்துவேன். அன்று துரத்தவில்லை. "ஆண்டவரே, இவனைப் பாரும்" என்று சொல்லி, அவனையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, மதினி தோளைத் தொட்டபிறகுதான் இறங்கினேன்.

மிச்சமிருந்த மறையுண்மைகளைத் திரும்பும் பஸ்ஸில் சொன்னோம். வெள்ளமடம் வரும்போது மறுபடி தவணை நினைப்பு. மறுபடி அதையே சொன்னேன், இவனைப் பாரும் ஆண்டவரே, என்று.