ராத்திரி பதினொன்றரைக்கு வர்ற மெசேஜ்

டெக்சாஸ்ல சான் ஆன்டோனியோல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல நான் கணக்கு டியூட்டர். வர்ற பசங்கள்ல பாதிக்கு மேல மெக்சிகோ பூர்வீகம், அம்மாகிட்ட ஸ்பானிஷ், எங்ககிட்ட இங்கிலீஷ், அவங்களுக்குள்ள ரெண்டையும் கலந்து கட்டி பேசுவாங்க. அதுல ஒரு பையன், 19 வயசு, ஒரு மணி நேரத்துல மூணு தடவ எந்திரிச்சு பாத்ரூம் போவான், திரும்பி வரும்போது மாம்பழ மிட்டாய் வாசன அடிக்கும். சூயிங்கம்னு நெனச்சேன். ஒருநாள் ஹூடி பாக்கெட்லேர்ந்து கீழ விழுந்துச்சு, ஹைலைட்டர் பேனா தண்டிக்கு பச்சை கலர்ல ஒரு வேப், அதாவது நிக்கோட்டின ஆவியா இழுக்குற எலக்ட்ரானிக் சிகரெட்.

நான் எதுவும் கேக்கல. அவனேதான் சொன்னான், "மிஸ், விடத்தான் பாக்குறேன், மூணு நாள் தாண்ட மாட்டேங்குது."

அந்த மூணு நாள் கணக்கு அவன் மனசு பலவீனம் இல்ல. நிக்கோட்டின் நின்னதும் எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் முதல் ரெண்டு மூணு நாள்லதான் உச்சத்துக்குப் போகும். அதுவும் இப்ப வர்ற வேப்ல நிக்கோட்டின் சால்ட் போடுறாங்க, தொண்ட எரியாது, அதனால எவ்ளோ இழுக்குறோம்னே தெரியாது. 2020ல மாத்தி மாத்திப் போடுற குப்பி வேப்ல பழ ஃப்ளேவர் வரக்கூடாதுன்னு சொன்ன அமெரிக்க அரசாங்கம், இழுத்து முடிச்சுத் தூக்கிப் போடுற டிஸ்போசபிள் வேப கண்டுக்கல, பசங்க அப்படியே அதுக்குத் தாவிட்டாங்க. 21 வயசு ஆகாம விக்கக்கூடாதுன்னு 2019லயே சட்டம் வந்தாச்சு, ஆனா இவனுக்கு 16லேர்ந்து கெடச்சுட்டு இருக்கு, நெனச்சாலே வயிறு எரியுது.

இத விட ஆலோசனை சொல்ற கவுன்சிலர்கிட்ட போக மாட்டான். காலைல கிளாஸ், சாயங்காலம் மாமா கூட ரூஃபிங் வேல, இன்சூரன்ஸ் கெடையாது, எல்லாத்துக்கும் மேல அம்மாவுக்குத் தெரிஞ்சிரக்கூடாது. ஆனா கைல ஃபோன் இருக்குல்ல? ட்ரூத் இனிஷியேட்டிவ்னு ஒரு அமைப்பு 2019ல 'திஸ் இஸ் க்விட்டிங்'னு இலவசமா ஒரு மெசேஜ் ப்ரோக்ராம் ஆரம்பிச்சாங்க, தினமும் மெசேஜ் வரும், அதுல ஏற்கனவே விட்டுப் பாத்த பசங்க சொன்னதும் இருக்கும், ஆசை வந்தா 'கோப்'னும் சறுக்கிட்டா 'ஸ்லிப்'னும் டைப் பண்ணா அந்த நிமிஷமே பதில் வரும். 18லேர்ந்து 24 வயசுல 2,588 பேர வச்சு சோதிச்சாங்க. ஏழு மாசம் கழிச்சுக் கேட்டப்ப ப்ரோக்ராம்ல இருந்தவங்கள்ல 24.1 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க, மத்தவங்கள்ல 18.6. அவங்க வாயால சொன்னதுதான், டெஸ்ட் எடுக்கல, ஆனா பதிலே சொல்லாதவங்கள விடாதவங்கன்னே கணக்குல எடுத்துக்கிட்டாங்க. வித்தியாசம் கம்மியா தெரியலாம், ஆனா ராத்திரி பதினொன்றரைக்கு முழிச்சிருந்து பதில் சொல்ல வேற யாரு இருக்கா?

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம், இந்த மாதிரி மெசேஜோட பாஷை. ஸ்பானிஷ்லயும் நம்மள மாதிரியே நீ, நீங்க உண்டு, 'தூ'ன்னா நீ, 'உஸ்தெத்'ன்னா நீங்க. இவன் வீட்ல 'உஸ்தெத்'னு கூப்பிட்டு ஒரு மெசேஜ் வந்தா அது கவர்மென்ட் நோட்டீஸ். தமிழ்ல மொழிபெயர்த்து வர்ற பேங்க் மெசேஜ நாம எப்படி படிக்காம தள்ளிவிடுறோமோ அப்படித் தள்ளிவிட்ருவான். கார்த்துஹானோ பரேரான்னு ஒரு ஆராய்ச்சியாளர் இருந்த குழு 'தெசீதெதெக்ஸ்தோ'ன்னு லத்தீன் அமெரிக்கப் பூர்வீகம் உள்ளவங்களுக்காகவே ஸ்பானிஷ், இங்கிலீஷ் ரெண்டு பாஷையிலயும் மெசேஜ் ப்ரோக்ராம் உருவாக்கினாங்க, அது சிகரெட்டுக்கு. அந்த அக்கறை வேப் பிடிக்கிற சின்னப் பசங்களுக்கும் வேணும், வேணும்.

ஏன்னா பாஷைய மாத்துனா மட்டும் போதாது, உள்ள இருக்குற விஷயம் வேற. இவனோட மாமா குடிய விட்டது மெக்சிகோக்காரங்க கும்பிடுற குவாடலூப்பே மாதா முன்னாடி நின்னு 'ஹுராமெந்தோ' பண்ணி, அதாவது இத்தன மாசம் தொட மாட்டேன்னு சத்தியம். அவன் சொன்னதும் எனக்கு நம்ம ஊர்ல மாலை போட்டுட்டு குடிய விடுறவங்கதான் ஞாபகம் வந்தாங்க. சத்தியம் பண்ணவனுக்கு வீடே காவல், பாட்டி வரைக்கும். அத ஒரு மெசேஜ்ல கொண்டு வரணும்னா அந்த வீட்டுல வளந்தவங்க பக்கத்துல உக்காந்து எழுதணும்.

அந்த 'திஸ் இஸ் க்விட்டிங்'ல பையன் சேந்தான், பன்னெண்டாவது நாள் சறுக்கிட்டான். கசின் பிறந்தநாள், கொல்லைல இறைச்சி சுட்டுட்டு இருக்காங்க, எவனோ நீட்டிருக்கான், ரெண்டு இழுப்பு. உடனே பாத்ரூம் கதவ சாத்திட்டு 'ஸ்லிப்'னு அனுப்பிருக்கான். செவ்வாக்கிழம வந்து விரிசல் விட்ட ஸ்க்ரீன என் பக்கம் திருப்பிக் காட்டுனான், "திட்டல மிஸ்"னு மட்டும் சொன்னான்.

மறுபடி முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சு நேத்தோட 23 நாள். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நேத்து இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸ், ஏழு கணக்கு, ஒரு மணி நேரம் முழுசா உக்காந்திருந்தான், பேனா மூடிய கடிச்சுக் கடிச்சு சப்பையாக்கிட்டான், ஆனா எந்திரிக்கல.