எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு காலை

நேற்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போயிருந்தேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீரின் உப்பையும் கரைந்த ஆக்சிஜனையும் அவர்களே அளந்தார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருந்தால்தான் பெரும்பாலான மீன்கள் நன்றாக வாழும் என்று வகுப்பில் சொன்னது வேறு, கருவியில் எண் மாறுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் சேற்றோடு ஒரு கொத்தை அள்ளி மாணவி கையில் வைத்தார். கருகருவென்று சின்னச் சிப்பிகள், நாரால் பின்னிக் கிடந்தன. காக்கா ஆழி! தென் அமெரிக்கக் கரையோரத்து உயிர், இங்கே வந்து பரவிவிட்டது.

"அடியில பாய் விரிச்ச மாதிரி படர்ந்துடும்மா. அப்புறம் எறா எங்க போய் மண்ணுல புதையும்? மஞ்ச மட்டியும் போச்சு."

அவள் அந்தக் கொத்தைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்த ஆறு இது. அன்று அலையாத்தி வேர்களில் எண்ணெய் அப்பிக் கிடந்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன். நேற்று அதே வேர்களுக்கு நடுவே மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புவதை ஒரு பையன் காட்டினான். வெகுநேரம் அங்கேயே நின்றோம்.

"எங்க தாத்தா இங்க கையாலயே எறா தடவிப் புடிப்பாரு மிஸ்" என்றான்.

மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளக்கப் போகிறோம். தாத்தாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.