நூறு ரூபிளுக்கு இரண்டு பெயர்

செபக்சாரிக்கு மருத்துவம் படிக்க வருகிறவர்களிடம் ரஷ்யன் தெரிந்தால் போதும் என்றுதான் ஏஜென்ட் சொல்வார். வந்து பார்த்தால் பெயர்ப்பலகைகளில் ரஷ்யனோடு சுவாஷ் மொழியும் இருக்கிறது. வோல்கா கரையில் உள்ள இந்த ஊர் ரஷ்யாவுக்குள் இருக்கும் சுவாஷியா குடியரசின் தலைநகர். குளிரும் ஹாஸ்டல் சாப்பாடும் எப்படியோ பழகிவிடும். அதைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதியாகிவிட்டது.

என்னைப் பிடித்துக்கொண்டது சந்தைதான். உருளைக்கிழங்கும் சதகுப்பைக் கீரையும் விற்கும் கிராமத்துப் பாட்டிகள் எங்களிடம் ரஷ்யனில் விலை சொல்வார்கள், தங்களுக்குள் சுவாஷில் கணக்குப் போடுவார்கள். நூறு அவர்களுக்கு 'செர்'. என் அறைத்தோழன் தத்தார். அவனுக்கு நூறு 'யோஸ்'. துருக்கி மொழியில் 'யூஸ்', கசாக்கில் 'ஜூஸ்'. சுவாஷையும் சேர்த்து இவை எல்லாம் ஒரே துருக்கிய மொழிக் குடும்பம். எல்லாரும் ஸ் என்று முடிக்கிற இடத்தில் சுவாஷ் மட்டும் ர் என்கிறது. பெண்ணும் அப்படித்தான்: தத்தாரில் 'கிஸ்', சுவாஷில் 'ஹெர்'.

நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆன கதைதானே என்று தோன்றும். அங்கே பழைய கன்னடக் கல்வெட்டிலேயே ப இருப்பதால் எது மூத்தது என்பதில் சண்டை இல்லை. இங்கே கல்வெட்டுகளே இரண்டு கட்சி. குல் தெகின் என்ற பழைய துருக்கிய இளவரசனுக்கு மங்கோலியாவில் 732இல் நட்ட நினைவுக்கல்லில் எழுநூறு வீரர்களைச் சொல்லும்போது 'யெதி யூஸ்' என்று இருக்கிறது. சுவாஷுக்கு மிக நெருங்கிய மொழி பேசிய வோல்கா பல்கர்கள் தங்கள் கல்லறைக் கற்களில் ஹிஜ்ரி எழுநூறை அரபு எழுத்தில் 'ஜியெதி ஜூர்' என்று வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அப்படியானால் ர் பிந்தியது என்று தள்ளிவிடலாமா? முடியாது. ஹங்கேரியர்கள் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய நாட்டுக்குப் போய்ச் சேருமுன்பே துருக்கியக் குடும்பத்து மொழி பேசியவர்களிடம் எருதுக்கு வாங்கிய சொல் 'ஒக்கொர்'. துருக்கி மொழியில் அது 'ஒக்யூஸ்'.

அதனால் பல அறிஞர்கள் ர், ஸ் இரண்டுக்கும் முந்திய ஓர் ஒலியை வைத்து மூலச்சொல்லை மீட்கிறார்கள்: நாக்கை அண்ணத்தோடு ஒட்டிச் சொல்லும் ஒரு ர். ஸ்தான் மூத்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அறைத்தோழன், கேட்கவே வேண்டாம், அந்தக் கட்சி. மங்கோலியரும் எருதை 'உஹெர்' என்கிறார்களே, அங்கேயும் ர்தானே என்றேன். அது உங்கள் சுவாஷ் பக்கத்து ஆட்களிடம் கடன் வாங்கியது என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டான்.