கல்யாண டிவிடியில் கட்டம் கட்டமாக உடைந்த படம்

அக்கா கல்யாண டிவிடியை உறவுக்காரர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சேலத்தில் எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டுடியோவில் கொடுத்த இரண்டு டிஸ்க். ஒன்று முகூர்த்தம், இன்னொன்று ரிசப்ஷன், இரண்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். முதல் காப்பி ஏற்காட்டு அத்தைக்கு. தவறிப்போன மாமா நடமாடிப் பேசுகிற படம் இதைத் தவிர எங்களிடம் வேறு கிடையாது. அதனால் இதை ஒழுங்காகச் செய்தே தீருவது என்று இருந்தேன்.

முகூர்த்த டிஸ்க் மேலே போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "ஏங்கண்ணு, தாலி கட்டுற வரைக்கும் நல்லாத்தான் ஓடுது. பந்திக்கு வந்தா மாமா மூஞ்சியே கட்டங்கட்டமாப் போகுது. அப்புறம் அப்படியே நின்னுக்குது."

உடைகிற இடத்தையும் விதத்தையும் சரியாகக் கேட்டு வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதே இடம், மாமா பாயச வாளியோடு வரிசையில் வரும் இடம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தால் பிளேயரின் லென்ஸில் தூசியோ ஈரமோ இருக்கலாம். ஏற்காட்டுப் பனிக்கு அதுவும் நடக்கக்கூடியதுதான். ஒரே இடத்தில் உடைந்தால் டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும்.

காப்பி போடும் முன் ஒரிஜினலை ஐஎஸ்ஓவாக, அதாவது டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அடக்கிய ஒரே கோப்பாகக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருந்தேன். அதை விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் போட்டு பந்திக் காட்சிக்குப் போனேன். மாமா முகம் பளிச்சென்று இருந்தது. ஆக, மூலத்தில் குறை இல்லை, காப்பியை டிஸ்க்கில் எழுதியதில்தான்.

டிவிடியில் தகவல் உள்வட்டத்தில் தொடங்கி வெளி ஓரத்தை நோக்கிப் போகும். 16எக்ஸ், அதாவது அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு வரை எழுதக்கூடிய டிஸ்க்கை முழு வேகத்தில் விட்டால் டிரைவ் உள்ளே மெதுவாகத் தொடங்கி, ஓரத்துக்குப் போகப் போகத்தான் அந்த வேகத்தை எட்டும். மட்டமான டிஸ்க் என்றால் அந்த ஓரத்தில்தான் பிழை குவியும். படத்தின் கடைசிப் பகுதி கெடுவதற்குக் காரணம் இதுதான். போதாததற்கு, தம்பி ஆசையாக மணமக்கள் போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தான். அது மையத்திலிருந்து சற்றே விலகி, ஒரு பக்கம் காற்றுக் குமிழோடு இருந்தது. வேகமாகச் சுற்றும் டிஸ்க்குக்கு இப்படி ஒரு பக்கம் எடை கூடினாலும் ஆட்டம் வந்துவிடும். ஸ்டிக்கரை உரித்தால் இன்னும் கெடும் என்பதால் அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிட்டேன்.

கட்டம் ஏன் அரை நொடி நின்று மறைகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முறைதான் முழுப் படம் வரும், நடுவில் வருவதெல்லாம் முன்பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு. ஒன்று பிசகினால் அடுத்த முழுப் படம் வரும்வரை அந்தப் பிழை திரையில் இழுத்துக்கொண்டே போகும்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தேடி நல்ல டிவிடி-ஆர் (எழுதுவதற்கான வெற்று டிஸ்க்) வாங்கினேன், இப்போது அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. டிஸ்க் எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் 8எக்ஸ் வேகம் வைத்து, எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வெரிஃபை வசதியை டிக் செய்து எழுதினேன். நேரம் இரட்டிப்பாகத்தான் ஆகும், ஆனாலும் வெரிஃபை இல்லாமல் எந்த டிஸ்க்கையும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. பெயரை டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கரில் எழுதினேன்.

ரிசப்ஷன் டிஸ்க்கின் கதை வேறு. ஒரிஜினலிலேயே கீறல். படிக்கும்போது ஒரு இடத்தில் டிரைவ் வேகம் குறைந்து, முனகி, மறுபடி வேகம் எடுத்து, அதே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டியது. இம்க்பர்ன் பிழைச் செய்தி காட்டிக்கொண்டே இருந்தது. இந்த நேரத்தில் 'தாண்டிப் போ' என்று கொடுத்தால் அந்த ஓட்டை காப்பியிலும் அப்படியே போய் உட்கார்ந்துவிடும், வெரிஃபையும் சரி என்றே சொல்லும். நிறுத்தினேன். நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால், வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைத்தேன். அதற்கும் மசியவில்லை. பரணில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டதும் முழுவதையும் படித்துவிட்டது. ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது நிஜமாகவே நடக்கிறது, டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

இதற்கிடையில் சித்தப்பா பையன், "ரெண்டையும் ஒரே டிஸ்க்குல அடக்கிக் குடுண்ணா" என்றான். ஒரு டிஸ்க்கின் 4.7 ஜிபியில் இரண்டு மணி நேரம் என்றால் படத்துக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் தகவல் கிடைக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் அதில் பாதிதான். அப்போதும் கட்டம் வரும், ஆனால் வேறு மாதிரி: ஆட்டம், பூத்தூவல், கூட்டம் நகரும் இடங்களில் மட்டும் மங்கலாகக் குழையும், சத்தம் சீராக இருக்கும். படிக்க முடியாத டிஸ்க்கில் நிறம் மாறிய கட்டம் வரும், சத்தமும் வெட்டும். அவனுக்கும் இரண்டு டிஸ்க்தான் கொடுத்தேன்.

கம்ப்யூட்டரில் பார்க்கும்போது கையசைவின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் பதற வேண்டாம். டிவிக்காக ஒரு படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து இரண்டு பாதியாகப் பதிந்திருப்பதால் அப்படித் தெரிகிறது. விஎல்சியில் அந்தப் பாதிகளைச் சேர்த்துக் காட்டும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டால் போய்விடும்.

இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். அத்தை வீட்டு பிளேயரில் கடைசி நிமிடம் வரை நிற்காமல் ஓடின. "மாமா வர்ற எடத்த இன்னொருக்கா போடு சாமி" என்றார், போட்டேன். இப்போது யார் கேட்டாலும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஐஎஸ்ஓவிலிருந்துதான் காப்பி. ஒரிஜினல் இரண்டும் உறையில் நிமிர்ந்தவாக்கில், வெயில் படாத அலமாரியில் இருக்கின்றன.