பிலிப்பியில் ஒரு காலை

வட கிரீஸில் உள்ள கவாலா துறைமுகம்தான், இயேசுவின் செய்தியோடு வந்த அப்போஸ்தலர் பவுல் கரையிறங்கிய, வேதத்தில் வரும் நெயாப்போலி. அங்கிருந்து பிலிப்பிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். எங்கள் குழு, பவுல் சொன்னதைக் கேட்டு விசுவாசித்த லீதியாள் என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படும் ஆற்றோரத்தில் சற்று ஜெபித்துவிட்டு, இடிபாடுகளுக்குள் போனது. 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். கி.மு. 42-இல் இந்தச் சமவெளியில்தான் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் தோற்றார்கள். வழிகாட்டி அந்தப் போரை விஸ்தாரமாகச் சொன்னார். என் மனசு பாதையோரம் இருந்த கல்லால் ஆன ஒரு சின்ன அறையிலேயே நின்றது.

பவுலின் சிறை என்று அதைக் காட்டுகிறார்கள். உண்மையில் அது ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. பிற்பாடு கிறிஸ்தவர்கள் அதை ஆராதனை இடமாக்கிக்கொண்டார்கள். இதே அறைதானா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பவுலையும் கூட வந்த சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டது இந்த ஊரில், அவர்கள் பாடியது இந்த ஊரில், அது போதும்.

பாஸ்டர் அங்கேயே வேதத்தில் அதைச் சொல்லும் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை வாசித்தார். "நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப்பாடினார்கள்." சிறுவயதிலிருந்து கேட்ட வசனம்தான். ஆனால் அன்று 33-ஆம் வசனம் என்னைப் பிடித்து நிறுத்தியது. சிறைச்சாலைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவியது, சிறைக் கதவுகளைத் திறந்த பூமியதிர்ச்சிக்குப் பிறகுதான். அப்படியென்றால் பாடும்போது முதுகில் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்திருக்கும், கால்கள் தொழுமரத்தில், அதாவது கால்களை மாட்டிப் பூட்டும் கட்டையில். சாய்ந்து உட்காரக்கூட முடிந்திருக்காது.

அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகாமல்தான் இந்தப் பயணத்துக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கடன் இன்னும் நிற்கிறது. துக்க வீட்டிலேயே, "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றவர்கள் உண்டு. நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனாலும் அந்த நேரத்தில் அது ஒருவரை வாயடைக்கிற வேலை. விசுவாசி என்றால் முகம் சிரித்தபடி இருக்க வேண்டும் என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ!

இந்த ஊர்ச் சபைக்குப் பவுல் பிற்பாடு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, மரநிழலில் உட்கார்ந்து முழுதும் வாசித்தேன், நாலே அதிகாரம்தான். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதே நிருபத்தில், இந்தச் சபை தன்னிடம் உதவியோடு அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைச் சொல்லி, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடே சொல்லுகிறேன் என்கிறார். அழுதுகொண்டே எழுதியவர்தான் சந்தோஷமாயிருங்கள் என்றும் எழுதினார்.

இன்னொன்றும் உறைத்தது. பிலிப்பியில் அஸ்திவாரம் அசைந்து கதவுகள் திறந்தன. இந்த நிருபத்தை எழுதும்போதும் அவர் விலங்கில்தான் இருந்தார். ரோமாபுரியில் என்பது மரபு. கடைசி வரி வரைக்கும் எந்தக் கதவும் திறக்கவில்லை. ஆனாலும் இவர்கள் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்கிறார், வாழ்த்துகள் சொல்லி முடிக்கிறார். துதித்தால் கதவு திறக்கும் என்று மட்டும் பிரசங்கிப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் வாசித்தால் தேவலை. இதை முதலில் கேட்டவர்களில் அந்தச் சிறைச்சாலைக்காரனின் வீட்டாரும் இருந்திருக்கலாம். அந்தக் காயங்களைக் கையால் தொட்டுக் கழுவிய குடும்பம் அது. அவர்களிடம் மேலுக்குச் சந்தோஷம் பேச முடியாது.

புறப்படுமுன் அந்த அறைக்கு முன்னால் ஆளுக்கொரு நிமிஷம் ஜெபித்தோம். நான் அப்பா இல்லாத வீட்டையும், மாதா மாதம் கட்டவேண்டிய தவணையையும் முதலில் சொன்னேன். தொண்டை அடைத்தது; பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், கடைசி மாதங்களில் அப்பாவுக்கு நான் வேதம் வாசித்துக் காட்டிய சாயங்காலங்களுக்காகவும், வாசிக்கும்போது நடுவில் தூங்கிப்போய், "தூங்கலை, வாசி" என்று அவர் அதட்டியதற்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது.