மூன்றாவது இழுப்பறை

மழலையர் வகுப்பில் பணியாற்றத் தொடங்கிய முதல் ஆண்டில், இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியின் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘நினைவாற்றல் குறைவு’ என்று எழுதினேன். விடுமுறைக்கு முன்பு வகுப்பில் வளர்த்த முயலைப் பற்றி எத்தனை முறை கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை என்பதே நான் கண்ட ஆதாரம். படிவம் வீட்டுக்குப் போன மறுநாள், யாரும் சொல்லாமலே அவள் அலமாரியின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, முயலுக்குத் தீனி வைக்கும் நீலக் கிண்ணத்தை எடுத்து, முன்பு கூண்டு இருந்த வெற்று மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்து நின்றாள்.

அவள் மறக்கவில்லை, நான்தான் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன். காலில் கட்டிய நாடாவை உதைத்து இழுத்தால் தலைக்கு மேல் தொங்கும் பொம்மைகள் ஆடும் என்று கற்றுக்கொண்ட மூன்று மாதக் குழந்தை, ஏறத்தாழ ஒரு வாரம் வரை அதை நினைவில் வைத்திருப்பதை உளவியலாளர் கரோலின் ரோவி-காலியர் காட்டியிருக்கிறார். பேச்சு வருவதற்கு வெகுமுன்பே நினைவு வந்துவிடுகிறது. ஆனால் பின்னர் பேச்சு வந்ததும் பழைய நினைவு தானாகச் சொல்லாக மாறிவிடுவதில்லை. பெரிய பொம்மையைச் சிறியதாக்கித் தரும் மாய இயந்திரத்தோடு குழந்தைகளை விளையாடவிட்டு, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து விசாரித்த சிம்காக், ஹேன் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு ஆய்வில், விளையாடிய நாளில் தெரிந்திராத சொல் எதையும், இடையில் அதைக் கற்றிருந்தும், அந்நிகழ்வைச் சொல்லக் குழந்தைகள் பயன்படுத்தவில்லை.

அதன்பின் ‘என்ன செய்தாய்?’ என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். (பெரியவர்களுக்கே எரிச்சலூட்டும் கேள்வி அது.) நடந்ததில் பாதியை நான் சொல்லி, மீதியைக் குழந்தையிடம் விட்டேன். இதில் ஓர் ஆபத்தும் உண்டு: நாம் சொல்லும் பாதி அவர்களுடைய நினைவாகவே படிந்துவிடக்கூடும்.

மூன்று வயதில் நடந்தவற்றில் பெரும்பகுதியை ஏழு வயது வரை சொல்லும் பிள்ளைகள், எட்டு ஒன்பது வயதில் பாதிக்கும் குறைவாகவே நினைவுகூர்கிறார்கள் என்கிறது பாட்ரிசியா பாவர் குழுவினரின் ஆய்வு. அந்தச் சிறுமி ஒன்பது வயதில், தம்பியை அழைத்துப்போக வந்திருந்தாள். முயலை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“வெள்ளை முயல்தானே டீச்சர்? அம்மா சொல்லியிருக்காங்க.”

அது சாம்பல் நிற முயல். நீலக் கிண்ணம் இன்னும் அதே இழுப்பறையில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.