ஆமையின் நான்காவது செருப்பு

மழலையர் வயதுக் குழந்தைகளுக்காக நான் எழுதிய முதல் கதையில், ஓர் ஆமை தன் செருப்பைத் தொலைத்துவிட்டுக் காடெல்லாம் தேடி அலையும். வழியில் எதிர்ப்படும் முயலும் மயிலும் யானையும் பொறுமையின் அருமையை அதற்கு எடுத்துச் சொல்ல, மனம் தெளிந்து வீடு திரும்பும். படித்துக் காட்டி முடித்ததும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, "செருப்பு எங்க?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த சிறுவனுக்கோ வேறு கவலை: "ஆமைக்கு நாலு கால். மீதி மூணு செருப்பு?" அறிவுரை சொல்லும் அவசரத்தில் செருப்பையே நான் மறந்துபோயிருந்தேன்.

ஆமை செருப்புப் போடுமா என்று இருவரும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு வயது வரையிலான பருவத்தை ஆராய்ந்த குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே, உயிரற்ற பொருள்களுக்கும் உயிரும் எண்ணமும் உண்டென்று கருதுவதை அப்பருவத்தின் இயல்புகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். ஆகவே பேசும் யானையில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. கதை தொடங்கி வைத்த கணக்கை முடிக்காமல் விட்டால்தான் விடமாட்டார்கள்.

திருத்தி எழுதியபோது அறிவுரை முழுவதையும் நீக்கிவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் தேடிப் பார்த்த பின் ஆமை "இங்கேயும் இல்லையே, எங்கே போச்சு?" என்று சொல்லும்படி அமைத்தேன். மூன்றாவது முறை வரும்போது நான் வாய் திறப்பதற்குள் குழந்தைகளே அதைச் சொல்லிவிட்டார்கள். இந்த வயதுக் கதை காதுக்கானது. உரக்கப் படித்துப் பார்க்காமல் ஒரு வரியையும் உறுதி செய்யக் கூடாது. ஆமை "மெதுவாக நடந்தது" என்பதைவிட "அசைந்து அசைந்து நடந்தது" என்பது நாவுக்கு வேலை கொடுக்கிறது. மடமட, தடதட, சலசல என்று நம் மொழி அள்ளித் தரும் இரட்டைக்கிளவிகளை இங்கே பயன்படுத்தாமல் வேறெங்கே பயன்படுத்துவது? எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற வழக்கில் என் தீர்ப்பு, கதையோட்டம் எளிய எழுத்து நடையிலும் உரையாடல் பேச்சு நடையிலும் இருக்கட்டும் என்பதே. "போயிற்று" என்று கேட்கும் ஆமையோடு எந்தக் குழந்தையும் நட்புக் கொள்ளாது.

படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவதற்கு, பெரிய அச்சுத்தாள்களை மடித்து வெட்டும் முறையே காரணம். தலைப்புப் பக்கம் முதலியவை போக, கதைக்குப் பதினைந்துக்கும் குறைவான இரட்டைப் பக்கங்களே மிஞ்சும். மரப்பொந்திலிருந்து நீளும் தும்பிக்கையின் நுனி வலப்பக்கத்தில் வர வேண்டும். தாளைத் திருப்பிய பிறகே யானை முழுதாகத் தெரிய வேண்டும். பொந்துக்குள் யானை எப்படிப் புகுந்தது என்பதையும் யாரும் கேட்கவில்லை.

படம் சொல்வதை எழுத்து மறுபடி சொல்ல வேண்டியதில்லை என்பதைக் கற்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. செருப்பு சிவப்பு என்று எழுதியிருந்த வரியை நீக்கினேன். இப்போது முதல் பக்கத்திலேயே மூன்று கால்களில் செருப்பு இருக்கிறது. நான்காவது, ஆமையின் முதுகோட்டின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் பக்கத்திலிருந்தே குழந்தைகள் "முதுகுல! முதுகுல!" என்று கத்துகிறார்கள், ஆமைக்குத்தான் காது கேட்பதில்லை.